கொல்லிமலைக்கு ஏத்த கூலண்ட்

அம்மிணி, அந்த ஜன்னலோர சீட்டைச் சித்தெ எனக்குக் குடுக்கறீங்களா? வாந்தி கீந்தி எடுக்கறவ இல்லீங்க, பயப்படாதீங்க. பின்னால வர்ற ஒரு வண்டியப் பாக்கணும், அதுக்குத்தான். ஆ, ரொம்ப நன்றிங்க. நல்லா இருப்பீங்க. எதுவரைக்கும் போறீங்க? செம்மேடா? நானும் அங்கதான். அப்போ எழுபது வளைவும் சேந்தே ஏறுவோம்.

அதோ பாருங்க, தெரியுதா? சிவப்புப் பைக்கு. பதினஞ்சு வருசப் பழசுன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? மேல ஒக்காந்திருக்கறாரே, நீலச் சட்டை, முதுகை நெட்டுக்குத்தா வெச்சுட்டு, அவருதான் நல்லசிவம். நாமக்கல்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கறாரு. எனக்கு ஒறவுமில்லை, ஒண்ணுமில்லை. கூலண்ட் குடுத்தவர், அவ்வளவுதான். நான் எட்டரை மணி பஸ்ல வருவேன், பஸ்ஸுக்குப் பின்னாலயே வாங்க, முந்திப் போயிராதீங்கன்னு சொல்லியிருக்கேன். என் கண்ணு முன்னாலயே இருக்கோணுமில்ல, வண்டி.

வண்டி என்னுது. என்னுதுன்னு நான் சொல்றேன், ஆர்.சி. புக்கு என் தம்பி பேரைச் சொல்லுது. இன்னிக்குப் பஞ்சாயத்தே அதுதான்.

தம்பி குமரவேலு காலேஜ் படிக்கறப்ப வாங்கினது. கார் வாங்கினதும் இதைக் கொண்டுபோய் ஷெட்டுல முட்டை அட்டைக்குப் பின்னால நிறுத்திப்போட்டான். ஆறு வருசம் செலந்தி குடியிருந்தது. எனக்கு நாப்பத்திமூணு முடிஞ்ச வருசம் அதை வெளிய இழுத்து, தொடச்சு, ஓட்டக் கத்துக்கிட்டேன். வேலைக்குப் போற பஸ்ஸை நிறுத்திட்டாங்க, அதனாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அது காரணமே இல்லீங்க. ஹெல்மெட்டைப் போட்டுட்டு அறுபதுல போறப்ப வாய்விட்டுப் பாடலாம். ஒருத்தருக்கும் கேக்காது. வீட்ல பாடினா தம்பி டி.வி. சத்தத்தைக் கூட்டுவான்.

இப்போ ராசிபுரத்துல இருந்து ஒருத்தர் வண்டிய விலைக்குக் கேட்டு நிக்கறாரு. "அக்கா, அது கொதிக்கற வண்டி. நடுரோட்ல உன்னை எறக்கி விட்டுட்டு நிக்கும். குடுத்தர்றேன், உனக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கலாம்"கறான் தம்பி. ஸ்கூட்டியாமா! நான் ரெண்டு நாள் சோறு திங்கலை. மூணாம் நாள் எறங்கி வந்தான். என்ன பேச்சுன்னா, வண்டி கொல்லிமலை எழுபது வளைவையும் கொதிக்காம ஏறிட்டா, என் பேருக்கே மாத்திக் குடுத்தர்றான். கொதிச்சுதுன்னா செம்மேட்லயே ராசிபுரத்துக்காரர் கைல சாவி. ரெண்டு பேரும் இந்நேரம் மேல காருகிட்டக் காத்துட்டு நிப்பாங்க.

நான் ஏன் ஓட்டலைன்னு பாக்கறீங்களா? "நீ ஓட்டினா வளைவுக்கு வளைவு நிறுத்தி, முந்தானைல விசிறி விட்டே மேல ஏத்திருவே"ன்னான். அதுவும் நெசந்தான், ஏத்தியிருப்பேன். "உன் கூலண்ட் கடைக்காரரே ஓட்டட்டும், அவரு பொய் சொல்ல மாட்டாரு"ன்னு சொல்லிட்டு, அவனும் அவன் சம்சாரமும் ஒருத்தர ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு. இதுல சிரிக்க என்னங்க இருக்கு? நல்ல மனுசனைப் பாத்து நல்ல மனுசன்னு சொன்னா சிரிப்பா? என்னைய வீட்ல இருக்கச் சொன்னாங்க. எனக்கு இருப்புக் கொள்ளலை. குளிச்சு, இந்தச் சேலையக் கட்டி, பஸ் ஏறிட்டேன்.

அடிவாரம் காரவள்ளி தாண்டியாச்சு. இது ஒண்ணாவது வளைவு. போர்டு பாத்தீங்களா? அவரும் திரும்பிட்டாரு. அருமையாத் திரும்பறாரு.

நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். இந்த மூணு மாசமா அந்த மனுசன் என்னைப் படுத்தின பாடு இருக்குதே, அதை ஒருத்தர்கிட்டயாவது சொல்லோணும். கடைக்காரன்னா என்ன செய்யோணும்? கேட்டதை எடுத்துக் குடுக்கோணும். அவ்வளவுதானே? இவரு அப்படி இல்லீங்க.

நான் முட்டைப் பொரிப்பகத்துல சூப்பர்வைசர். இருபத்தியோரு நாள் முட்டையச் சூட்டுல வெச்சுக் குஞ்சு எடுக்கற எடம். முப்பத்தேழரை டிகிரி. ஒரு டிகிரி கூடிப்போனா குஞ்சு உள்ளயே வெந்துரும், ஒரு டிகிரி கொறஞ்சா பொரியாது. இருபது வருசமா சூட்டோடதான் எனக்குக் குடித்தனம். சூட்டைப் பத்தி எனக்குச் சொல்லித்தர நாமக்கல் ஜில்லாவுல ஆள் இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தவ நானு.

ஆயுத பூஜைக்கு வண்டிய ஜோடிச்சேன் பாருங்க, தெருவே வந்து பாத்துது. கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, சந்தனமெல்லாம் கடைல வாங்காம நானே அரைச்சு. அதுவரைக்கும் ரெண்டு வருசம் ஒரு தொந்தரவு குடுக்கலை அது. அடுத்த வாரமே புடிச்சுதுங்க சனி. சேந்தமங்கலம் ரோட்ல போயிட்டு இருக்கறேன், மீட்டர்ல சூடு காட்டற முள்ளு விறுவிறுன்னு ஏறிச் சிவப்புக்குப் போயிருச்சு. நிறுத்தினா, இட்லிச் சட்டியத் தெறந்தாப்ல ஆவி. தண்ணி கொதிச்சு ரோட்ல ஓடுது.

கூலண்ட் மாத்தினாச் சரியாப் போயிரும்னு சொன்னாங்க. தண்ணிக்குப் பதிலா ஊத்தறது, இஞ்சின் சூட்டை வாங்கிட்டு வந்து முன்னால ரேடியேட்டர்ல ஆத்திட்டு, மறுக்கா உள்ள போகுமே, அது. சரின்னு கடைக்குப் போனேன். "ஒரு கூலண்ட் குடுங்க"ன்னேன்.

"எந்த வருசத்து வண்டிங்க?" சொன்னேன். "ரேடியேட்டர் அலுமினியமா, பித்தளையா?" எனக்கெப்படித் தெரியும்? "இப்போ உள்ள என்ன இருக்குதுங்க?" "தண்ணி." "என்ன தண்ணி?" "தண்ணியில என்னங்க, ஈரமான தண்ணி!" சிரிக்கவே இல்லை. "கடைசியா எப்போ மாத்துனீங்க? என்ன நெறத்துல இருந்துச்சு? போர்த் தண்ணி ஊத்தினீங்களா, பேட்டரித் தண்ணி ஊத்தினீங்களா?" கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்ககூட என்னைய இத்தனை கேள்வி கேக்கலை. கேட்டிருந்தா அப்பவே கட்டியிருப்பேனோ என்னவோ.

கடைசில கூலண்ட் குடுக்கலீங்க! "தெரியாம எதையும் ஊத்தக் கூடாது. உள்ள இருக்கறதைக் கொஞ்சம் பாட்டில்ல புடிச்சுட்டு வாங்க, பாத்துட்டுத் தர்றேன்"ங்கறாரு. பின்னால நாலு டப்பா அடுக்கி வெச்சிருக்கு, பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள்னு. காசை நீட்டிட்டு நிக்கறேன். வெறுங்கையோட அனுப்பிட்டாரு. பஸ்ல வர்றப்ப எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒக்காந்தும் அவரைப் பத்தியே திட்டிட்டு இருந்தேன். மறுநாளும் திட்டினேன்.

இருங்க, இருங்க, ஏழாவது வளைவு. அதோ, கீழ் ரோட்ல. வர்றாரு. புகையெல்லாம் ஒண்ணும் தெரியலையே? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், நீங்க பாருங்க. அது பஸ் புகைங்களா? பஸ் புகை அவரு மூஞ்சிலயா அடிக்குது? ஐயோ. பரவாயில்ல, பழகிக்குவாரு.

அதுக்கடுத்த நாள் ஊறுகாய் பாட்டில்ல புடிச்சுட்டுப் போனேன். ஒரே துருக் கலரு. லைட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "யாரோ காருக்கு ஊத்தற சிவப்புக் கூலண்டை ஊத்தியிருக்காங்க. அதுக்கு மேல போர்த் தண்ணி"ன்னாரு. தம்பிக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். "ஆமாக்கா, எட்டு வருசத்துக்கு முன்னால"ங்கறான். ஊறுகாய் பாட்டிலை வெச்சு எட்டு வருசத்தைச் சொல்றாருன்னா பாத்துக்கோங்க.

நம்ம ஊர் போர்த் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். கொடம் பூரா வெள்ளையாப் பொறுக்குத் தட்டும். அதே பொறுக்கு உள்ள குழாயில எல்லாம் அடைக்குமாம். அப்புறம் உக்கார வெச்சு எல்லாத்தையும் வெளக்கினாரு. பச்சையா சிவப்பாங்கறது ஒண்ணுமில்லை, அது வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெறத்தை நம்பாதீங்க, டப்பா முதுகுல எழுதியிருக்கறதைப் படிங்கன்னாரு. அதுக்கப்புறமும் என்னமோ சொன்னாரு. அவரு ஒவ்வொண்ணாச் சொல்றப்ப கை வெரலை ஒண்ணொண்ணா மடக்கறாரு, பாருங்க, சுண்டு வெரல்ல இருந்து ஆரம்பிப்பாரு, மத்தவங்க மாதிரி இல்லை. நகம் சுத்தமா இருந்துச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு நகம் இவ்வளவு சுத்தமா எப்படின்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். ஒரு டப்பா குடுத்தாரு, வாங்கிட்டு வந்தேன்.

வந்து அப்படியே ஊத்தினேன். என்ன ஆச்சு தெரியுமா? திரிஞ்சு போச்சு! ஜவ்வரிசிப் பாயசம் ஆறினாப்ல கொழகொழன்னு கட்டியாயிருச்சு. பழசை ரெண்டு தடவை கழுவி எடுத்துட்டுத்தான் புதுசை ஊத்தோணும், ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்கறாரு. அது மோதிர வெரலுக்கு வந்திருக்கும்போல. நான் கேக்கலை.

அந்தப் பாயசத்தையும் பாட்டில்ல புடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்னிக்குத்தான் அவருக்குக் கோவம் வந்து பாத்தேன். கத்தலீங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டு, "ஏனுங், ஒரு உசுருள்ள வண்டிய இப்படிப் பண்ணலாமுங்களா?"ன்னாரு. உசுருள்ள வண்டி! எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வீட்ல ஒருத்தரும் அதை அப்படிச் சொன்னதில்லை. ஓட்டை வண்டிம்பாங்க, கெழட்டு வண்டிம்பாங்க.

அப்புறம் கழுவல். பேட்டரித் தண்ணி ஊத்தி, இஞ்சினைச் சித்த நேரம் ஓடவிட்டு, ஆறினதும் வடிக்கோணும். வடிச்சதைப் பாட்டில்ல கொண்டுபோய்க் காட்டுவேன். "இன்னும் தெளியலீங்க"ம்பாரு. மறுபடி கழுவி, மறுபடி பாட்டில். வண்டிய எடுத்துட்டுப் போக முடியாதே, கொதிக்குமே, அதனால பஸ்லதான். எத்தனை தடவை போனேனா? எண்ணலீங்க. பதினாலு. அதுல மூணு தடவை ஞாயித்துக்கெழமை, கடை லீவு. சும்மா ஷட்டரைப் பாத்துட்டு வந்தேன். அங்க பக்கத்துலதான் அவரு மெஸ்ஸு, ரெண்டு வேளையும் அங்கதான் சாப்பாடு, சம்சாரம் போயி பதினோரு வருசமாச்சு, பொண்ணை ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. இதெல்லாம் நானாக் கேக்கலை. காதுல விழுந்தது.

பத்தொம்பது... இருபது... ஏனுங்க கண்டக்டர், தலைய வெளிய நீட்டலீங்க, கண்ணு மட்டுந்தான் வெளிய இருக்குது. திட்டாதீங்க. அம்மிணி, வர்றாருங்களா? வர்றாரு, வர்றாரு. இருபது வளைவு தாண்டியாச்சுங்க! சேந்தமங்கலம் மேட்டையே ஏற மாட்டேன்னு நின்ன வண்டி! கையத் தட்டலாமாட்ட இருக்குது. தட்டட்டுமா? வேண்டாம், முன்னால இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

கடைசியா அவரே ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் குடுத்தாரு. ஒரு மணி நேரம் நாலு டப்பாவோட முதுகையும் படிச்சாரு. பழைய வண்டிக்குள்ள தண்ணி தள்ற ஒரு குட்டிப் பம்பு இருக்குமாம், தண்ணி கசியாம அடைக்கற அதோட சீலும் பழசாம். சில கூலண்ட்ல சிலிகேட்டுன்னு ஒண்ணு சேப்பாங்களாம், அது இந்த மாதிரி வண்டியோட சீலை உரசித் தேச்சுரும்ங்கறாரு. "ஆடற பல்லுக்கு முறுக்குக் குடுக்கற மாதிரிங்க"ன்னாரு. அதனால சிலிகேட் இல்லாதது, பைக்குக்குன்னே வர்றது, அதுவும் தண்ணி கலந்தே வர்றது. கலக்காத டப்பாவை என் கைல குடுத்தா நான் எந்தத் தண்ணியக் கலப்பேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அளவுக் கோட்டுக்கு மேல போகக் கூடாது, உள்ள காத்துக் குமிழி நிக்கக் கூடாது, சூடா இருக்கறப்ப மூடியத் தெறக்கவே கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதியும் குடுத்தாரு. முத்து முத்தான எழுத்து. பர்ஸுல வெச்சிருக்கேன். பாக்கறீங்களா? சரி, அப்புறம்.

"இதை ஊத்தியும் கொதிச்சா நான் கடைய மூடிட்டு மெஸ்ஸுல எலை எடுக்கறேனுங்க"ன்னாரு. அப்படி ஒரு நம்பிக்கை.

சீட்டுல இருந்த மாதிரி ஒண்ணு விடாம ஊத்தினேன். சாமி கும்பிட்டுட்டுக் கெளம்பினேன். சேந்தமங்கலம் மேட்ல, அதே எடத்துல, புஸ்ஸு.

நான் அழுதுட்டேன் அம்மிணி. வண்டிக்கில்லை. இதை எப்படி அந்த மனுசன்கிட்டப் போய்ச் சொல்றதுன்னு. ரெண்டு நாள் போகவே இல்லை. மூணாம் நாள் போய், நின்னுட்டே சொன்னேன். மொகம் அப்படியே வெளுத்துருச்சு. "மன்னிச்சுக்கோங்க. எங்கியோ நான் தப்புப் பண்ணிட்டேன்"ன்னாரு. எந்தக் கடைக்காரருங்க இப்படிச் சொல்லுவாரு? அப்புறம் அவரே, "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து வண்டியவே பாக்கலாமுங்களா?"ன்னு கேட்டாரு. அத்தனை நாளும் அவரு பாட்டிலைத்தான் பாத்தாரு, வண்டியப் பாக்கவே இல்லை! எனக்கும் கூட்டிட்டு வந்து காட்டணும்னு தோணலை. ஏன் தோணலைன்னு இப்பவும் தெரியலை.

வந்தாரு. தம்பி சம்சாரம் வடை சுட்டா. வடையத் தொடலை, நேரா வண்டி முன்னால குத்தவெச்சு ஒக்காந்து டார்ச் அடிச்சாரு.

"ஏனுங், ரேடியேட்டர் மேல இது என்னங்க பூச்சு?"

"சந்தனமுங்க. ஆயுத பூஜைக்கு வெச்சது. வண்டிக்கு நெத்தின்னு பாத்தா அதுதானுங்களே, அகலமா, கம்பி கம்பியா. மூணு பட்டை போட்டேன். உதுந்துறக் கூடாதுன்னு பச்சரிசி மாவு சேத்து அரைச்சேன்."

அவரு வெரலால தட்டிப் பாத்தாரு. சொவத்தைத் தட்டினாப்ல டொக்கு டொக்குங்குது. "உங்க பொரிப்பகத்துல மெஷினுக்குக் காத்துப் போற ஜன்னல் இருக்குமுங்களே, அதுக்கும் இப்படிப் பட்டை போடுவீங்களா?"

"அதெப்படிங்க போடறது? காத்துப் போகலைன்னா உள்ள முட்டை வெந்து..."ன்னு ஆரம்பிச்சவ, பாதியில வாய மூடிட்டேன்.

சிரிச்சாரு பாருங்க! மூணு மாசத்துல முதல் தடவை. தரையிலயே ஒக்காந்து, கண்ணாடியக் கழட்டி, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. எனக்கு ரோசம் வந்திருக்கோணும். வரலீங்க. நானும் பக்கத்துல ஒக்காந்து வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சேன். பச்சை மேல தப்பில்லை, சிவப்பு மேல தப்பில்லை, அவரு குடுத்த டப்பா மேலயும் தப்பில்லை. நான் நெத்தின்னு நெனச்சது அதுக்கு மூக்கு. மூக்கை அடைச்சு வெச்சுட்டு மூணு மாசம் அதுக்கு மருந்து மாத்திட்டு இருந்திருக்கோம்.

அப்புறம் ஒண்ணு கேட்டாரு, அதை மட்டும் கேளுங்க. மத்தவங்களா இருந்தா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சொரண்டியிருப்பாங்க. இவரு எந்திரிச்சு, கையத் தொடச்சுட்டு, "சாமிக்கு வெச்சதுங்க. எடுக்கலாமுங்களா?"ன்னாரு. நான் உள்ள ஓடிப்போய்ச் சூடம் கொண்டாந்து காட்டி, உத்தரவு வாங்கிக் குடுத்தேன். பழைய பல் பிரஷ்ஷு ரெண்டு, வெதுவெதுப்பாத் தண்ணி. ரேடியேட்டரைக் கழட்டி நடுவுல வெச்சுட்டு, அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கம்பி வளையக் கூடாதுன்னு பூப்பூவாத் தேய்க்கோணும். நாலு மணிக்கு ஆரம்பிச்சது ஆறே முக்காலுக்கு முடிஞ்சுது. எனக்கு அரை மணி நேரம்னுதான் பட்டுது. ரேடியேட்டர் வேலைன்னா அப்படித்தான்போல, நேரம் தெரியாது.

அதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் கொதிக்கலை. ஆனா தம்பி நம்பலை, அதுக்குத்தான் இந்த மலை.

அதுக்கப்புறமும் கடைக்குப் போனீங்களான்னா? போகாம? கூலண்ட் அளவு கொறையுதா ஏறுதான்னு கேட்டுக்க வேண்டாமுங்களா? சிரிக்காதீங்க அம்மிணி. பழைய வண்டி வெச்சிருந்தா உங்களுக்கும் தெரியும்.

நாப்பத்தஞ்சு. எங்க காணோம்? வளைவு திரும்பிருச்சு, கீழ் ரோடு வெறிச்சுன்னு கெடக்குது. நாப்பத்தாறு. அது வேற வண்டி. நீங்க பாருங்க, என் கண்ணுல தண்ணி வந்து மறைக்குது. நாப்பத்தேழு. அம்மிணி, வரலீங்க. அவரு வரலீங்க.

கொதிச்சிருச்சு. அவ்வளவுதான். எங்கியோ ஓரங்கட்டி நிக்கறாரு. நான்தான் பஸ் புகைக்குப் பின்னாலயே வரச் சொன்னேன், அந்தச் சூட்டுக் காத்தையே குடிச்சுட்டு அது எப்படி ஆறும்? இருபது வருசம் சூட்டைப் பாத்தவளுக்கு இந்தப் புத்தி வேண்டாமா? மறுபடியும் மூக்கை அடைச்சது நானேதான்.

நாப்பத்தொம்பது. வண்டி போனாப் போகுதுங்க. நெசமாச் சொல்றேன், போகட்டும். ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போயிக்குவேன், பாடாம இருந்துக்குவேன். ஆனா நாளைக்கு நான் எதைச் சாக்காச் சொல்லி அந்தக் கடைக்குப் போவேன்? வண்டியே இல்லாதவளுக்குக் கூலண்ட் எதுக்குங்க? பாட்டில் எதுக்கு? "சும்மா உங்களைப் பாக்க வந்தேனுங்க"ன்னு சொல்ல முடியுமா? இந்த வயசுல அப்படிச் சொல்லிட்டு நிக்க எனக்கு வாயிருக்குதா?

என்ன சொன்னேன் இப்போ நானு? ஏதோ சொல்லிட்டேன். நீங்க கேட்டுட்டீங்களா? கேட்டுட்டீங்க. தண்ணி பாட்டில் குடுங்க சித்தெ.

அம்பத்தி ரெண்டு. அம்பத்தி மூணு. ஏன் நிக்குது பஸ்ஸு? அம்பத்தி நாலு போர்டுக்குக் கீழ. மேல இருந்து லாரி எறங்குதா, சரி, எறங்கட்டும்.

அது என்ன சத்தம்? அது... அது என் வண்டிச் சத்தமுங்க! அம்மிணி, என் வண்டி! பக்கத்துலயே வந்துட்டாரு! ஜன்னலுக்குக் கீழயே!

"ஏனுங், எங்கீங்க போனீங்க, உசுரே போச்சு எனக்கு! கொதிச்சுதா?"

"கொதிக்கலீங்க. முள்ளு பாதியிலதான் நிக்குது. உங்க பஸ்ஸு புகைல வண்டிக்கு ஒண்ணும் ஆகலை, எனக்குத்தான் மூச்சு முட்டிருச்சு. நாலு வளைவு பின்தங்கி வந்தேன்."

"நிக்கறீங்களே! ஆற வெச்சதாத் தம்பி சொல்லுவானுங்களே!"

"இஞ்சினை அணைக்கலீங்க, கேக்குதில்ல? நின்னுட்டே ஓடறதுதான் அதுக்கு இன்னும் சூடு. அப்பவும் முள்ளு அசையலை பாருங்க." கேட்டீங்களா அம்மிணி, அணைக்கலையாம். "ஆனா ஒரு சந்தேகம் இருக்குதுங்க. ஒத்தை ஆளை வெச்சு ஏறினது கணக்காகுமுங்களா? ரெண்டு ஆள் பாரத்துலயும் ஏறினாத்தான் கூலண்ட் சரின்னு நான் சத்தியமாச் சொல்ல முடியும். எறங்கி வர்றீங்களா, தமயந்தி? நீங்க ஓட்டுங்க. நான் பின்னால ஒக்காந்துக்கறேன்."

பேரைச் சொன்னாருங்க. மூணு மாசமா ஏனுங், ஏனுங்தான். என் பேரு தெரியும்னே எனக்குத் தெரியாது. அது என்ன, ஹேண்டில்ல இன்னொரு ஹெல்மெட்டு தொங்குது? காலையில கெளம்பறப்பவே மாட்டிட்டு வந்திருக்கறாரு. எதுக்குங்க ஒத்தை ஆளுக்கு ரெண்டு ஹெல்மெட்டு?

கண்டக்டர், விசில் அடிச்சுறாதீங்க, நான் எறங்கறேன்! டிக்கெட்டு செம்மேடு வரைக்கும் எடுத்திருக்கேன், பரவாயில்லை. அம்மிணி, என் பை மட்டும் எடுத்துக் குடுங்க. சேலை நல்லாத்தானே இருக்குது? தலை? சரி, ஹெல்மெட்டுக்குள்ள போறதுதானே.

ஒரு உபகாரம் பண்ணுங்க. செம்மேட்ல எறங்கினதும் ஒரு வெள்ளைக் காருகிட்ட என் தம்பி நிப்பான், குண்டா, மொகத்துல என் சாடை இருக்கும். முள்ளு பாதியிலதான் நிக்குதுன்னு சொல்லிருங்க. ராசிபுரத்துக்காரரை டீ வாங்கிக் குடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லுங்க. அக்கா எங்கன்னு கேட்டான்னா, ரெண்டு ஆள் பாரத்துல கூலண்ட் டெஸ்ட்டு நடக்குதுன்னு சொல்லுங்க. இன்னும் பதினாறு வளைவு இருக்குது. நாங்க மெதுவாத்தான் வருவோம்.